வாஷிங்டன்ங்கிற குடும்பப் பேரும் மூணு நட்சத்திர ஷீல்டும்: திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகள்

நான் இருக்கிறது வர்ஜீனியா பக்கம், ஜார்ஜ் வாஷிங்டனோட பண்ணை வீடான மவுன்ட் வெர்னனுக்கு கார்ல அரை மணி நேரம். சம்மர் வந்தா ஃப்ரெண்ட்ஸ் யார் வீட்டுக்காவது ஊர்லேர்ந்து அப்பா அம்மா, மாமா அத்தைனு வந்துடுவாங்க, வீக்கெண்ட்ல சுத்திக்காட்ட என் வண்டிதான் போகும். அந்த வீட்டுல அவங்க குடும்பச் சின்னமான ஷீல்ட பாத்ததும் ஆரம்பிக்கிற கேள்வி திரும்பி வீட்டுக்கு வந்து சாப்பிடுற வரைக்கும் ஓயாது, அப்புறம் வாட்ஸ்அப்ல வேற. ஒவ்வொருத்தருக்கா டைப் பண்ணி கை ஓஞ்சு போச்சு, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுட்டேன். கேள்விய கேட்டவங்க கேட்ட மாதிரியே விட்டிருக்கேன்.

வாஷிங்டன்னா என்னங்க அர்த்தம்? துணி துவைக்கிற ஊரா?

இல்லீங்க, வாஷிங் மெஷினுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. பழைய இங்கிலீஷ்ல வாஸானு ஒரு ஆம்பளைப் பேரு இருந்துச்சு. நடுவுல வர்ற 'இங்' இன்னாரைச் சேர்ந்ததுனு காட்டுறது, கடைசியில வர்ற 'டன்' வேலி போட்ட பண்ணை, குடியிருப்பு. மூணையும் சேத்தா வாஸாவோட பண்ணை, அவ்ளோதான். லண்டன்ல கென்சிங்டன், பேடிங்டன் எல்லாம் இதே அச்சுல வார்த்த பேருதான், முன்னாடி இருக்கிற ஆள் மட்டும் வேற.

மொதல்ல வந்தது ஊர் பேரா, ஆள் பேரா?

ஊர்தான். வட இங்கிலாந்துல டர்ஹாம் பிஷப்போட நிலமெல்லாம் யார் யார்கிட்ட இருக்கு, என்ன வாடகை வரணும்னு 1183-ல ஒரு கணக்குப் புஸ்தகம் எழுதுனாங்க, போல்டன் புக்னு பேரு, எழுத வச்சது ஹ்யூ டு ப்யூசேனு ஒரு பிஷப். அதுல வில்லியம் டி ஹெர்ட்பர்ன்னு ஒருத்தர் தன்னோட ஹார்ட்பர்ன் கிராமத்த குடுத்துட்டு பதிலுக்கு வாஷிங்டன வாங்கிக்கிட்டதா இருக்கு. வருஷத்துக்கு நாலு பவுண்டு கட்டணும், பிஷப் பெரிய வேட்டைக்குப் போனா நாலு வேட்டை நாயோட இவரும் கூடப் போகணும், அதுதான் கண்டிஷன்.

'டி'ன்னா ஃப்ரெஞ்சுல 'இன்ன ஊர்க்காரர்'னு அர்த்தம். ஃப்ரான்ஸ்லேர்ந்து நார்மன்காரங்க வந்து இங்கிலாந்த புடிச்ச பிறகு பெரிய இடத்துப் பேரெல்லாம் இப்படித்தான். ஊர மாத்துனதும் பேரும் மாறிப்போச்சு, ஹெர்ட்பர்ன்காரர் வாஷிங்டன்காரர் ஆயிட்டாரு. நம்ம ஊர்ல பேருக்கு முன்னாடி ஊர் பேர போட்டுக்குவோமே அந்த மாதிரிதான், ஆனா அங்க அது புள்ளைக்கு, பேரனுக்குனு அப்படியே ஒட்டிக்கிச்சு, 'டி' உதிர்ந்து போயி வெறும் வாஷிங்டன் நின்னுச்சு. இத சொன்னப்ப ஃப்ரெண்டோட பெரியப்பா ஒருத்தர், அப்ப அவரு மட்டும் ஊர மாத்திக்காம இருந்திருந்தா இன்னைக்கு அமெரிக்காவோட தலைநகரம் ஹார்ட்பர்ன் டிசி, அதாவது நெஞ்செரிச்சல் டிசினு சொல்லி கார்ல எல்லாரையும் சிரிக்க வச்சுட்டாரு.

அந்த ஊர் இன்னமும் இருக்கா? போய் பாக்கலாமா?

இருக்கு, சண்டர்லேண்ட் பக்கத்துல. வாஷிங்டன் ஓல்ட் ஹால்னு ஒரு கல் வீடு, இப்ப பழைய கட்டடங்கள பராமரிக்கிற நேஷனல் டிரஸ்ட்ங்கிற அமைப்பு பாத்துக்குது. ஆனா ஜார்ஜ் வாஷிங்டனோட முப்பாட்டன் பொறந்த வீடுனு நெனச்சுட்டு போகாதீங்க, அந்தக் குடும்பம் கைவிட்டு 1613-ல பிஷப் கைக்கே திரும்பப் போயிடுச்சு, இன்னைக்கு நிக்கிற கட்டடத்துல முக்கால்வாசி அதுக்கப்புறம் கட்டுனது. 1930கள்ல இடிக்கிற நெலமைக்கு வந்து உள்ளூர்க்காரங்க காப்பாத்துனாங்க. இதில்லாம தெக்க வெஸ்ட் சஸ்ஸெக்ஸ்ல இன்னொரு வாஷிங்டன் இருக்கு, அது வேற ஊர், மேப்ல தப்பா போட்டுட்டு போயிடாதீங்க.

இங்கிலாந்துலேர்ந்து அமெரிக்காவுக்கு எப்படி வந்தாங்க? நேரா அந்த ஊர்லேர்ந்தேவா?

நேரா இல்ல, நடுவுல நிறைய சுத்து. டர்ஹாம் குடும்பத்தோட ஒரு கிளை லங்காஷயர்ல வார்ட்டன்ங்கிற ஊருக்குப் போச்சு, அங்க சர்ச் கோபுரத்துல இவங்க ஷீல்டு செதுக்கியிருக்கு. அந்தக் கிளையில வந்த லாரன்ஸ் வாஷிங்டன் தெக்க நார்தாம்ப்டனுக்கு வந்து கம்பளி வியாபாரத்துல நல்லா சம்பாதிச்சாரு, ரெண்டு தடவை ஊருக்கு மேயர். எட்டாம் ஹென்றி ராஜா மடங்கள எல்லாம் கலைச்சு நிலத்த வித்தாரே, அப்ப 1539-ல மடத்து நிலமா இருந்த சல்கிரேவ இவரு வாங்கி வீடு கட்டுனாரு. வாசல் மேல ஷீல்டும் வச்சாரு, இன்னமும் இருக்கு.

அதுக்கப்புறம் எறக்கம்தான். அவரோட கொள்ளுப்பேரன், அவர் பேரும் லாரன்ஸ், எசெக்ஸ்ல பர்லீங்கிற ஊர்ல பாதிரியார். உள்நாட்டு யுத்தத்துல ராஜா பக்கம் நின்ன ஆளு, 1643-ல பாராளுமன்றத்துக்காரங்க இவரு எப்பப் பாத்தாலும் சாராயக் கடையிலயே கெடக்குறாருனு சொல்லி வேலைய விட்டு தூக்கிட்டாங்க. நெஜமா குடிச்சாரா இல்ல பிடிக்காத ஆள தூக்க சொன்ன சாக்கானு கேட்டா, எனக்கு ரெண்டாவதுதான் தோணுது, அந்த சமயத்துல ராஜா பக்கம் இருந்த பாதிரியார் பல பேர் மேல இதே புகார்தான்.

அவரோட புள்ளை ஜான். சொத்து இல்ல, அப்பாவும் போயிட்டாரு, புகையிலை வியாபாரக் கப்பல்ல வேலைக்கு சேந்து வர்ஜீனியா வந்தாரு, கப்பல் பொட்டோமாக் ஆத்துல தரைதட்டிடுச்சு, ஆள் இங்கயே தங்கி 1650கள் முடியுறதுக்குள்ள கல்யாணமும் பண்ணிக்கிட்டாரு. இந்த ஜானோட கொள்ளுப்பேரன்தான் 1732-ல பொறந்த ஜார்ஜ்.

அந்த ஷீல்டுல என்னதான் இருக்கு? எனக்கு கிரிக்கெட் கிளப் லோகோ மாதிரி தெரியுது.

வெள்ளை ஷீல்டு, குறுக்க ரெண்டு சிவப்புப் பட்டை, மேல வரிசையா மூணு சிவப்பு நட்சத்திரம், அவ்ளோதான். எனக்குப் பிடிச்சதே அந்த எளிமைதான், பிற்காலத்துல வந்த ஷீல்டுல எல்லாம் சிங்கம், கப்பல், கோட்டை, சாவினு கல்யாண பேனர் மாதிரி அடைச்சு வச்சிருப்பாங்க. ஹெரால்ட்ரிக்காரங்க, அதாவது இந்த மாதிரி குடும்பச் சின்னங்கள ஆராயுறவங்க, இத சொல்றதுக்குனு ஒரு தனி பாஷை வச்சிருக்காங்க, பாதி ஃப்ரெஞ்சு. ஆர்ஜென்ட்னா வெள்ளி, கூல்ஸ்னா சிவப்பு, நட்சத்திரத்துக்கு மல்லெட். வெள்ளிய வரையும்போது வெள்ளையா வரைஞ்சாலும் ஓகே.

கலருக்கு ஒரு ரூல் இருக்கு. தங்கம், வெள்ளி ரெண்டும் உலோகம், சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை எல்லாம் நெறம், உலோகத்து மேல உலோகமோ நெறத்து மேல நெறமோ வைக்கக் கூடாது. காரணம் ரொம்ப சிம்பிள், யுத்தத்துல ஹெல்மெட் போட்டுட்டா மூஞ்சி தெரியாது, தூரத்துலேர்ந்தே இவன் நம்மாளானு பளிச்சுனு தெரியணும். ஹைவே போர்டுல பச்சை மேல வெள்ளைல எழுதுறதும் இதே கணக்குதான்.

எங்க பையன் அது நட்சத்திரமே இல்ல, குதிரை ஓட்டுறவன் காலணில இருக்கிற முள்ளுச் சக்கரம்னு சொல்றான். சரியா?

பையன் எங்கயோ படிச்சிருக்கான், பாதி சரி. மல்லெட்ங்கிற வார்த்தையே அந்த முள்ளுச் சக்கரத்துக்கான ஃப்ரெஞ்சு வார்த்தையிலேர்ந்து வந்ததுனுதான் சொல்வாங்க, நடுவுல ஓட்டை போட்ட மல்லெட்டும் உண்டு, அத பாத்தா சக்கரமேதான். ஆனா இங்கிலாந்துல ஓட்டை இல்லாம நேர் முனை அஞ்சு வச்சு வரைஞ்சா அத நட்சத்திரமாவே பாத்துக்குறாங்க. நெளி நெளியா கதிர் வச்சு வரைஞ்சா அதுக்கு எஸ்ட்வால்னு வேற பேரு. இன்னொரு குழப்பமும் உண்டு: மூணாவது புள்ளைனு காட்டுறதுக்கு அப்பாவோட ஷீல்டுல ஒரு சின்ன மல்லெட் சேக்குற வழக்கம் இருக்கு, வாஷிங்டன் ஷீல்டுல இருக்கிறது அது இல்ல, இது டிசைன்லயே உள்ளது.

டிசி கொடியும் இதேதானே? காப்பியா?

காப்பிதான், ஒளிவு மறைவே இல்ல. வாஷிங்டன் டிசிக்கு 1938 வரைக்கும் அதிகாரப்பூர்வமா கொடியே கெடையாது. காங்கிரஸ் ஒரு கமிஷன் போட்டுச்சு, சார்ல்ஸ் டன்னுங்கிற டிசைனர் அதுக்குப் பல வருஷம் முன்னாடியே வரைஞ்சு வச்சிருந்தத அந்த அக்டோபர்ல எடுத்துக்கிட்டாங்க. ஷீல்ட நீள்சதுரமா இழுத்து விட்டதுதான் வேலை, இருந்தாலும் கொடி டிசைன் பத்தி பேசுறவங்க அமெரிக்காவுலயே நல்ல கொடிகள்ல ஒண்ணுனு சொல்வாங்க. இங்க ஜனங்க கையில பச்சை குத்திக்கிறாங்க, பீர் டம்ளர்ல போட்டுக்கிறாங்க. காயம்பட்ட சிப்பாய்க்கு குடுக்குற பர்ப்பிள் ஹார்ட் மெடல்லயும் மேல இதே ஷீல்டுதான், 1932-ல ஜார்ஜோட 200-வது பொறந்தநாளுக்கு அந்த மெடல திரும்ப கொண்டுவந்தப்ப வச்சது.

அப்ப அமெரிக்கக் கொடியில இருக்கிற நட்சத்திரமும் கோடும் இதுலேர்ந்து வந்ததுதானே? கைடு சொன்னாரே!

எந்த கைடுனு தெரியல, ஆனா இத நம்பாதீங்க. பாக்க ஒத்துப்போகுது, அதனாலயே ஆசையா இருக்கு, ஆதாரம் ஒண்ணும் இல்ல. கொடி பத்தின தீர்மானம் போட்டது 1777 ஜூன் 14, அதுல இந்தக் குடும்பம் பத்தி ஒரு வார்த்தை இல்ல. கோடு போட்ட கொடி அதுக்கு முன்னாடியே காலனிகள்ல பறந்துட்டுதான் இருந்துச்சு. டிசைன் பண்ணது நான்தான்னு 1780-ல பில் அனுப்புனவரு ஃப்ரான்சிஸ் ஹாப்கின்சன், சுதந்திரப் பிரகடனத்துல கையெழுத்து போட்டவரு, பணம் குடுக்கலங்கிறது வேற கதை. இந்த ஷீல்டு கதைய ஊர் முழுக்க பரப்புனது மார்ட்டின் டப்பர்னு ஒரு இங்கிலீஷ் கவிஞர், சுதந்திரம் கெடைச்சு நூறு வருஷம் ஆன 1876-ல ஒரு நாடகம் எழுதி அதுல வசனமா வச்சுட்டாரு. நாடக வசனம் சரித்திரம் ஆகுறது நமக்கு ஒண்ணும் புதுசு இல்லையே.

ஷீல்டுக்கு மேல ஒரு பறவை உக்காந்திருக்கே, அது காக்காவா கழுகா?

அதுக்குத்தான் கிரெஸ்ட்னு பேரு. எல்லாரும் மொத்த சின்னத்தையும் ஃபேமிலி கிரெஸ்ட்னு சொல்றாங்க, தப்பு, கிரெஸ்ட்ங்கிறது ஹெல்மெட் உச்சியில நிக்கிறது மட்டும். இங்கிலாந்துல இந்தக் குடும்பத்துக்கு கிரீடத்துலேர்ந்து எழும்புற அண்டங்காக்கா. ஜார்ஜ் காலத்துக்கு வரும்போது அது க்ரிஃபின் ஆயிடுச்சு, அதாவது பாதி கழுகு பாதி சிங்கம். அவரோட புஸ்தகத்துல ஒட்டுற லேபிள்ல க்ரிஃபின்தான், கீழ லத்தீன்ல ஒரு வாசகமும் உண்டு, முடிவுதான் செயல நிரூபிக்கும்ங்கிற மாதிரி அர்த்தம் வரும். மவுன்ட் வெர்னன்ல வெஸ்ட் பார்லர் ரூம் போனா கணப்பு அடுப்புக்கு மேல மரத்துல செதுக்கி இருக்கும், தலைய தூக்கி பாருங்க, பாதி பேர் சுவத்துக் கலர மட்டும் பாத்துட்டு நகர்ந்துடுறாங்க.

பிரிட்டிஷ்காரன அடிச்சு விரட்டுனவரு அவன் ஊர் கேடயத்த எதுக்கு வச்சிக்கிட்டாரு? இரட்டை வேஷம் இல்லையா?

நியாயமான கேள்வி, அவர் காலத்துலயே இருந்த கேள்வி. யுத்தத்துக்கு முன்னாடி அவரு ஒரு வர்ஜீனியா பண்ணையார், லண்டன்லேர்ந்து கோட்டு, வண்டி, வெள்ளிப் பாத்திரம் எல்லாம் ஆர்டர் பண்ற ஆளு, பாத்திரத்துல குடும்ப ஷீல்டு போடுறது அப்ப அந்தஸ்து. ஜெயிச்ச பிறகும் அத தூக்கிப் போடல. 1788-ல வில்லியம் பார்ட்டன்னு ஒருத்தர் ஹெரால்ட்ரி பத்தி எழுதுன கட்டுரைய இவருக்கு சமர்ப்பணம் பண்ணவானு கேட்டாரு. இவரு எழுதுன பதில் ரொம்ப சாமர்த்தியம்: இந்தச் சின்னமெல்லாம் குடியரசுக்கு விரோதம்னு நான் நெனக்கல, ஆனா இப்ப ஜனங்க சந்தேகத்தோட பாக்குறாங்க, இந்த நேரத்துல வேணாமேன்னு நழுவிட்டாரு. அரசியல் சாசனம் அப்பத்தான் பாஸ் ஆகியிருந்துச்சு, புதுசா பிரபுக்கள் கூட்டம் கெளம்புதோங்கிற பயம் நெஜமாவே இருந்துச்சு. இரட்டை வேஷம்னு சொல்ல மாட்டேன், நேரம் பாத்து பேசத் தெரிஞ்ச ஆளுனு சொல்வேன்.

அவருக்கே தன் பூர்வீகம் தெரியுமா?

பெருசா தெரியாது. 1791-ல லண்டன்லேர்ந்து ஐசக் ஹேர்ட், அதாவது கார்ட்டர் கிங் ஆஃப் ஆர்ம்ஸ், இங்கிலாந்துல ஷீல்டு விவகாரத்துக்கெல்லாம் தலைவர், உங்க வம்சாவளி வேணும்னு லெட்டர் போட்டாரு. எதிரி நாட்டு ஆபீசர்தான், ஆனா ஜார்ஜ் மேல அவருக்கு பயங்கர மரியாதை. அடுத்த வருஷம் மே மாசம் ஜார்ஜ் பதில் போட்டாரு, இதுல நான் அவ்வளவா கவனம் செலுத்துனதில்ல, வடக்குப் பக்கத்துலேர்ந்து வந்தோம்னு பெரியவங்க சொல்வாங்க, அப்படினு. ஜனாதிபதியா இருக்கும்போது இந்த ஆராய்ச்சிக்கு எங்க நேரம்.

ஹேர்ட் விடல, தானே தேடி ஒரு மரம் போட்டாரு, அதுல ஜான் வாஷிங்டன்னு வேற ஒருத்தர கொண்டுவந்து ஒட்டிட்டாரு. அதே பேர், அதே குடும்பம், ஆனா வர்ஜீனியா வந்த ஆள் அவரில்ல. பல வருஷம் எல்லாரும் அத அப்படியே நம்புனாங்க, 1866-ல ஜோசப் செஸ்டர்ங்கிறவரு இது தப்புனு காட்டுனாரு, 1889-ல ஹென்றி வாட்டர்ஸ்தான் மேல சொன்ன பர்லீ பாதிரியாரோட புள்ளைதான் வந்தவருனு நிரூபிச்சாரு. பேர் ஒத்துப்போகுதுனு வம்சம் சேக்கக் கூடாதுங்கிறதுக்கு இதவிட உதாரணம் எனக்குத் தெரியல, கார்ட்டர் கிங்கே ஏமாந்துட்டாரு.

என் ஆபீஸ்ல ஒருத்தர் லாஸ்ட் நேம் வாஷிங்டன், கறுப்பினத்தவர். அவர் ஜார்ஜ் வம்சமா?

பெரும்பாலும் இல்ல, ஆனா அந்தப் பேருக்கு இன்னைக்கு அவங்கதான் சொந்தக்காரங்கனு சொல்லலாம். 2000 சென்சஸ்ல வாஷிங்டன்னு பேர் இருந்தவங்க 1,63,036 பேர், அதுல 90 சதவீதம் கறுப்பினத்தவங்க. அடிமை முறை ஒழிஞ்சு சட்டப்படி குடும்பப் பேரு வச்சுக்கலாம்னு வந்தப்ப நிறைய பேர் தானா தேர்ந்தெடுத்த பேரு இது. எல்லாரும் எஜமான் பேரத்தான் வச்சுக்கிட்டாங்கனு நெனைக்கிறது தப்பு. பின்னாடி பெரிய கறுப்பினத் தலைவரா, கல்வியாளரா வந்த புக்கர் டி வாஷிங்டன் சின்னப் பையனா ஸ்கூல்ல சேந்தப்ப டீச்சர் பேர் கேக்க, எல்லாருக்கும் ரெண்டு பேரு இருக்கு நமக்கு ஒண்ணுதான் இருக்குனு அந்த இடத்துலயே வாஷிங்டன்னு சொல்லிட்டாரு, அவங்க வளர்ப்பு அப்பாவோட முதல் பேரு அது.

ஜார்ஜோட பண்ணையிலேர்ந்தே இந்தப் பேரோட போனவரும் உண்டு. ஹேரி வாஷிங்டன், ஆப்பிரிக்காவுல பொறந்து மவுன்ட் வெர்னன்ல அடிமையா இருந்தவரு, யுத்தத்துல தப்பிச்சு பிரிட்டிஷ் பக்கம் சேந்தாரு, முடிஞ்சதும் கனடாவுல நோவா ஸ்கோஷியா, அப்புறம் 1792-ல சியரா லியோன். அங்க 1800-ல வரிய எதிர்த்து நடந்த கலகத்துல சேந்து நாடு கடத்தப்பட்டாரு. வரிக்கு எதிரா எழும்புன ரெண்டு வாஷிங்டன், ஒருத்தருக்கு சிலை. மவுன்ட் வெர்னன் போனா நான் இவரப் பத்தி சொல்லாம யாரையும் கெளப்பிட்டு வர்றதில்ல.

அப்ப வாஷிங்டன்னு பேர் இருக்கிற எல்லாருக்கும் அந்த ஷீல்டு சொந்தமா? மால்ல குடும்பச் சின்னம்னு போட்டு மக் விக்கிறானே?

இதுதான் எல்லாருக்கும் சிக்குற எடம். இங்கிலாந்து வழக்கப்படி பேருக்குனு ஷீல்டு கெடையவே கெடையாது. ஷீல்டு ஒரு ஆளுக்கு குடுக்கப்படுது இல்ல பழங்காலத்துலேர்ந்து ஒரு ஆள் பயன்படுத்துனதா அங்கீகரிக்கப்படுது, அந்த ஆளோட நேர் ஆண் வாரிசுகளுக்கு மட்டும் போகுது. பட்டா மாதிரி வச்சுக்கோங்க, உங்க பேரும் அதே பேருங்கிறதால பக்கத்துத் தெரு முருகேசனோட பட்டா உங்களுக்கு வராது. அந்த மக் விக்கிற கடைக்காரன் யாரோ ஒரு வாஷிங்டன் ஷீல்ட எல்லா வாஷிங்டனுக்கும் வித்துட்டு இருக்கான். காபி குடிக்க நல்லாருக்கும்.

இந்தப் பதிவெல்லாம் லண்டன்ல காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் கையில, மூணாம் ரிச்சர்ட் 1484-ல ஆரம்பிச்சது. மூணு கிங், ஆறு ஹெரால்ட், நாலு பர்சிவன்ட்னு பதவிகள், மொத்தம் பதிமூணு ஆபீசர். 1530-லேர்ந்து நூத்தம்பது வருஷத்துக்கு மேல மாவட்டம் மாவட்டமா போயி யார் ஷீல்டு நெஜம், யாருது டூப்னு செக் பண்ணியிருக்காங்க.

வேற ஆளோட ஷீல்ட ஒருத்தன் வச்சிக்கிட்டா என்ன பண்ணுவாங்க?

கேஸ் போடலாம், கோர்ட் ஆஃப் ஷிவல்ரினு தனி கோர்ட்டே இருக்கு. ஃபேமஸ் கேஸ் 1385-ல ஆரம்பிச்ச ஸ்க்ரோப்புக்கும் க்ரோவ்னருக்கும் நடந்தது, நீல ஷீல்டுல தங்கச் சாய்வுப் பட்டை, ரெண்டு குடும்பமும் எங்களுதுனு சண்டை, கவிஞர் சாசரெல்லாம் சாட்சி சொல்லியிருக்காரு, கடைசியில ஸ்க்ரோப் ஜெயிச்சாரு. அந்தக் கோர்ட் கடைசியா கூடுனது 1954-ல, மான்செஸ்டர் மாநகராட்சி தன்னோட ஷீல்ட ஒரு தியேட்டர் கம்பெனி போட்டுக்கிச்சுனு போட்ட கேஸ். மாநகராட்சிதான் ஜெயிச்சுது.

ஜார்ஜுக்கு புள்ளையே இல்லையே, அப்ப ஷீல்டு அவரோட முடிஞ்சுதா?

இல்ல. ஷீல்டு அவருக்கு குடுத்தது இல்லையே, மூதாதையர்கிட்டேர்ந்து வந்தது, அதனால அவர் தம்பிங்க வழியில அப்படியே போச்சு. சம்சாரம் மார்த்தாவோட மொதல் கல்யாணத்து வழிப் பேரப்புள்ளைங்கள இவரு வளத்தாரு, ஆனா அவங்க கஸ்டிஸ் குடும்பம், ரத்தமும் பேரும் வேற. வீடு போனது தம்பி மகன் புஷ்ராடுக்கு, அவரு சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ்.

என் தம்பி லண்டன்ல சிட்டிசன். அவன் சொந்தமா ஒரு ஷீல்டு வாங்க முடியுமா?

முடியும், இனமோ மதமோ தடையில்ல, நல்ல வேலை, சமூகத்துல ஒரு பேரு இருந்தா மனு போடலாம். பல ஆயிரம் பவுண்டு ஃபீஸ் ஆகும். டிசைன ஹெரால்ட் உங்ககூட உக்காந்து பேசித்தான் வரைவாரு, ஆனா மேல சொன்ன கலர் ரூல் தம்பிக்கும் உண்டு, ஏற்கனவே இருக்கிற ஷீல்டு மாதிரியும் வரக் கூடாது. அமெரிக்கன் சிட்டிசனுக்கும் கௌரவ ஷீல்டுனு தருவாங்க, ஆனா பிரிட்டிஷ் பிரஜையா இருந்த முன்னோர் வழியில வந்தத காட்டணும்.

எனக்கு அந்த மூணு நட்சத்திரம் ரொம்பப் பிடிச்சிருச்சு தம்பி. ஊர்ல புது வீட்டு கேட்ல போட்டுக்கட்டுமா, கேஸ் வருமா?

வராது பெரியப்பா, அந்தக் கோர்ட்டோட அதிகாரம் இங்கிலாந்து, வேல்ஸோட சரி. உங்க ஷீல்டு இல்லங்கிறது உங்களுக்கே தெரியும், அப்புறம் உங்க இஷ்டம். வெல்டர்கிட்ட மட்டும் நட்சத்திரத்துக்கு அஞ்சு முனைனு எழுதிக் குடுத்துடுங்க, அவரு பழக்கத்துல ஆறு வச்சுட்டாருனா அது வாஷிங்டன் ஷீல்டும் இல்ல.